அன்னா எட்மண்ட் யாருடைய பிள்ளை?

போன திங்கட்கிழமை காலை, இங்கே இத்தாலியில், பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில், ஒரு சின்னப் பாதத்தைப் பார்த்தேன்.

பயப்படாதீர்கள். பென்சிலால் வரைந்த பாதம்தான்.

தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், பயப்படுவது என் வேலை. போன வாரம்கூட மகள் மீராவின் இருமலைப் பற்றி இந்தப் பத்தி முழுக்க எழுதினேன். இருமல் போய்விட்டது. இப்போது ஏன் இருமவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் நான் வேலை பார்ப்பது சின்யோரா கார்லாவின் அந்த வீட்டில்தான். எண்பத்திரண்டு வயது, தனி ஆள். சமையல், துப்புரவு, மருந்து, கூட நடந்து போய் வருவது — எல்லாம் நான். பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் குடும்பப் பெயர் ஆல்டன். அவருடைய பூட்டன் எலுமிச்சை வியாபாரத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்து, வெயில் பிடித்துப்போய், திரும்பாமல் இருந்துவிட்டவர்.

அடுத்த மாதம் ஆல்டன் சொந்தக்காரர்கள் எல்லாரும் பலெர்மோவில் கூடுகிறார்கள். இங்கிலாந்திலிருந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து... அவர்களுக்குக் கொடுக்க ஒரு குடும்ப மரம் அச்சாகிறது. யாருக்கு யார் பிள்ளை என்று கிளை கிளையாக வரைந்த பெரிய தாள். சின்யோரா ஒரு வருடமாக அதிலேயே இருக்கிறார். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும்.

மரம் நன்றாகத்தான் காய்த்திருந்தது. ஒரே ஒரு கிளை மட்டும் மொட்டை.

"எட்மண்ட் ஆல்டன். சிலோன். மணமாகாதவர். சந்ததி இல்லை."

எலுமிச்சைப் பூட்டனின் தம்பி இவர். தென்னந்தோட்டம் போடுவதற்காகச் சிலோனுக்குக் கப்பலேறி, அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனவர்.

அந்த மேசையைத் துடைக்கும்போது நான் தாள்களில் கை வைப்பதில்லை. அன்றைக்குச் சின்யோராவே கூப்பிட்டார். (அவர் பேசியது இத்தாலியனில். என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.)

"சுபா, இந்தக் கடிதத்தின்ர தலைப்பில இருக்கிற ஊரை ஒருக்கா வாசி. நீயும் அந்தத் தீவுதானே?"

வாசித்தேன். பச்சிலைப்பள்ளி.

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "சின்யோரா! இது எங்கட பக்கம்! எங்கட வீட்டில இருந்து சைக்கிளில போயிடலாம்!"

"மாதோன்னா! சைக்கிளிலயா?"

அவர் எழுந்தே விட்டார். எழுந்தால் முழங்கால் நோகும் என்று திட்டக்கூட எனக்கு ஞாபகமில்லை. பச்சிலைப்பள்ளியில் பளைப் பக்கம் முந்தி வெள்ளைக்காரர் தென்னந்தோட்டம் வைத்திருந்தார்கள் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வெள்ளைக்காரனுக்கு ஒரு அண்ணன் இருந்திருப்பார், அண்ணனுக்குக் கடிதம் போட்டிருப்பார், அந்தக் கடிதம் கிடக்கும் மேசையை நான் தினமும் துடைப்பேன் என்று யாராவது நினைத்திருப்பார்களா?

அந்த மேசையில் முதல்முறையாகக் கதிரை இழுத்து உட்கார்ந்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து. அவருடைய ஆங்கிலம் பாதி, என் பள்ளிக்கூட ஆங்கிலம் பாதி — சேர்த்து வாசித்தோம். மழை பெய்யவில்லை, வண்டு தென்னங்கன்றைத் தின்கிறது, அடுத்த தோட்டக்காரன் சரியில்லை... எல்லாம் வழக்கமான தோட்டக்காரர் அழுகை. ஆனால் நத்தார்ப் பண்டிகைக்கு முன் எழுதிய மூன்று கடிதங்களில் மட்டும் ஒரு விண்ணப்பம்.

அன்னா எட்மண்ட்டுக்கு ஒரு பொம்மை அனுப்பவும். அடுத்த வருடம், அன்னா எட்மண்ட்டுக்கு ஒரு படப் புத்தகம். அதற்கடுத்த வருடம், அன்னா எட்மண்ட்டுக்கு ஒரு சோடி சப்பாத்து. அளவுக்குப் பாதம் வரைந்திருந்தது.

"ஆர் சின்யோரா இந்த அன்னா?"

"தோட்டத்தில எட்மண்ட் எண்டு ஒரு கிளார்க் இருந்தாராம். அவற்ர மகள். என்ர அப்பா அப்பிடித்தான் சொல்லுவார். ஏன்?"

"ஒண்டுமில்லை, சின்யோரா."

ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அது சின்யோராவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் மூன்று கொன்யோமே — அதுதான் இங்கே குடும்பப் பெயருக்குச் சொல்வது. என்னுடையது என் அப்பாவின் பெயர். கணவர் ரமணனுடையது அவருடைய அப்பாவின் பெயர். மீராவுடையது ரமணன். எங்கள் வழக்கப்படி சரியாகத்தான் பதிந்தோம். போன வருடம் அவர் மீராவைக் கூட்டிவர நேர்சரிக்குப் போனபோது ஆசிரியை பிள்ளையின் கையை விடவில்லை. "நீங்கள் அப்பா என்றால் உங்கள் குடும்பப் பெயர் ஏன் பிள்ளைக்கு இல்லை? உங்கள் முதல் பெயர் எப்படிப் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகும்?" நான் ஓடிப் போய், மூச்சு வாங்க விளக்கி... அப்பாவின் பெயர்தான் பிள்ளையின் கடைசிப் பெயர் என்பது உலகத்துக்கே தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

அன்னா எட்மண்ட். ஒரு ஆங்கிலேயன் வாசித்தால், எட்மண்ட் என்ற குடும்பத்துப் பெண். எங்களில் யார் வாசித்தாலும், எட்மண்ட்டின் மகள் அன்னா!

நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கடிதங்களை எத்தனை ஆல்டன்கள் வாசித்திருப்பார்கள்? ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஏனென்றால் ஒருவரும் எங்கள் நேர்சரி வாசலில் நிற்கவில்லை.

அதைவிடப் பெரிய சாட்சி அந்தப் பாதம். பென்சில் கோடு குதிகாலில் ஒழுங்காகத் தொடங்கி, சுண்டுவிரல் பக்கம் இரண்டு தரம் துள்ளி ஓடியிருந்தது. பக்கத்தில் எட்மண்ட் எழுதியிருந்தார்: "அசையாமல் நிற்க மாட்டேன் என்கிறாள்." லண்டனில் இருக்கும் என் அக்கா சப்பாத்து வாங்கி அனுப்புவதற்காக மீராவின் காலை இப்படித்தான் நானும் வரைந்தேன். கூச்சத்தில் ஒரே சிரிப்பு. மூன்று தாள் வீணாகியது. கிளார்க்கின் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிற முதலாளி இருக்கலாம். தரையில் குந்தியிருந்து அந்தப் பிள்ளையின் காலைப் பிடிக்கிற முதலாளி?

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. அவ்வளவு சந்தோஷம். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அன்னாவுக்கு மரத்தில் ஒரு இடம். சொல்லாவிட்டால் 'சந்ததி இல்லை' என்று அச்சாகி, மூன்று நாட்டுச் சுவர்களில் சட்டம் போட்டுத் தொங்கும். அப்புறம் அவளை யார் தேடப் போகிறார்கள்?

இறங்கும் இடம் வருவதற்குள் பயமும் வந்துவிட்டது.

ஏனென்றால் என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் சின்யோராவின் அக்கா மகன் ஜான்னி. பொலிதேயாமாவில் அலுவலகம் வைத்திருக்கும் வக்கீல், இங்கே சொல்வதுபோல் அவ்வொகாத்தோ. குடும்பப் பெருமை அதிகம். அடுத்த மாதம் என் பெர்மெஸ்ஸோ முடிகிறது. ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் இந்த நாட்டில் இருப்பதற்கான அந்தக் கடதாசியும் புதுப்பிக்கும். அந்த நேரம் பார்த்து, 'உங்கள் மூதாதைக்குக் கலியாணம் கட்டாத பெண்ணிடம் ஒரு பிள்ளை' என்று வீட்டு வேலைக்காரி போய்ச் சொல்வதா?

ரமணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீர் அங்கை வேலைக்குப் போறீரோ, செத்த வெள்ளைக்காரனுக்குச் சாதகக் குறிப்புப் பாக்கப் போறீரோ?"

"பகிடி விடாதேங்கோ. சொல்லுறதோ விடுறதோ?"

"பிழையாப் போனா?"

"செத்த மனுசனில பழி போட்ட மாதிரி."

"சரியா இருந்தா?"

"...அப்பவும் பழி போட்ட மாதிரித்தான்."

"அப்ப சும்மா இரும். பெர்மெஸ்ஸோ வரட்டும். பிறகு வெள்ளைக்காரனைப் பாப்பம்."

சரியான யோசனை. ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தேன்.

பிறகு போர்கோ வெக்கியோ சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். அங்கே ஜசிந்தா அக்கா நின்றார். எங்கள் கட்டடத்தில் கீழ் வீடு, ஊர் யாழ்ப்பாணத்துப் பாசையூர், கத்தோலிக்கர். மீன்காரனையே மீனைப் பற்றித் திட்டக்கூடிய ஆள். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உனக்கு விசரே?" என்றார். "எட்மண்ட் எண்டா வெள்ளைக்காரன் எண்டு ஆர் சொன்னது? எங்கட வேதக்காரரில எத்தினை எட்மண்ட்! என்ர மாமா ஒரு எட்மண்ட். கடலுக்குப் போறவர். இங்கிலீசில ஒரு குட் மோர்னிங்கும் தெரியாது. அந்தக் கிளார்க் உண்மையாவே ஒரு எட்மண்டா இருந்தா?"

இதை நான் யோசிக்கவே இல்லை! கோயிலுக்கு விபூதி பூசிக்கொண்டு போகிற எனக்கு எட்மண்ட் என்றால் வெள்ளைக்காரன்தான். எங்கள் பக்கத்திலேயே எட்மண்ட் மாமாக்கள் இருந்தது தெரியவில்லை. ஆல்டன்கள் எங்களை அறியாமல் செய்த பிழையை, நான் எங்கள் ஆட்களையே அறியாமல் செய்திருக்கிறேன்.

"இப்ப என்னக்கா செய்யிறது?"

"என்ன செய்யிறது? ஞானஸ்நானப் புத்தகத்தைப் பாக்கிறது. அதில அப்பன் ஆர், ஆத்தை ஆர், ஞானத்தாய் ஆர், எல்லாம் கிடக்கும். ஆரும் பொய் சொன்னாலும் சுவாமிமார் குடைஞ்சு குடைஞ்சு கேட்டு எழுதிப்போடுவினம். என்ர மச்சான் ஒராள் யாழ்ப்பாணத்தில வேதக் கோயில் கந்தோரில இருக்கிறார். கேட்டுப் பாப்பம்."

மீன்காரனை நிறுத்தி வைத்துவிட்டு அங்கேயே ஃபோனில் குரல் பதிவு போட்டார். பின்னணியில் "சார்தே! சார்தே!" என்று மத்தி மீன் கூவல். மச்சான் என்ன நினைத்தாரோ!

செவ்வாய் பதிலில்லை. புதன், அந்தப் பக்கத்துப் பழைய புத்தகங்களில் பாதி போரில் போய்விட்டது என்று செய்தி. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழன் மத்தியானம், மீராவைக் கூட்டிவர நேர்சரி வாசலில் நிற்கிறேன், ஃபோன் சத்தம் போட்டது. ஒரு படம். மஞ்சள் தாள், ஓரம் பூச்சி அரித்தது, நடுவில் ஐந்து வரி. சண்டைக்கு முன்பே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன ஒரு புத்தகத்தில் இருந்ததாம்.

நடுவில் தெளிவாக ஒரு சொல்: அன்னா!

துள்ளிவிட்டேன். பக்கத்தில் நின்ற இத்தாலிய அம்மா ஒருவர் எனக்கு லொத்தர் விழுந்ததா என்று கேட்டார்.

ஆனால் மற்ற நாலரை வரி? ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் இலத்தீன். ஜசிந்தா அக்காவுக்கும் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். "இயற்கை மகள் எட்மண்ட் தோட்டத்தின் கோழி" என்றது. அந்தக் காலத்துச் சுவாமியாரின் கையெழுத்தை அது எங்கே கண்டது?

பலெர்மோவில் எனக்குத் தெரிந்தவர்களில் இலத்தீன் படித்தவர் ஒரே ஒருவர். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இலத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்றவர்.

சின்யோரா கார்லா.

பாருங்கள் என் நிலைமையை. பிழையா சரியா என்று தெரிந்துகொண்டு அப்புறம் மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது தெரிந்துகொள்வதற்கே அவரிடம்தான் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டேன். அவர் கோப்பி குடிக்கட்டும், சொல்லலாம். மருந்து போடட்டும், சொல்லலாம். குளிக்கட்டும், சொல்லலாம்... பத்தரைக்கு வாசல் மணி அடித்தது. ஜான்னி. கையில் வரைபடம் போடும் நீளக் குழாய். தாளைச் சுருட்டத் தொடங்கினார்.

"சின்யோரா," என்றேன். எனக்கே கேட்காத குரல். "ஒரு இலத்தீன் கடதாசி இருக்கு. வாசிச்சுத் தருவீங்களோ?"

"சுபா, இப்ப இல்லை," என்றார் ஜான்னி.

"இலத்தீனா?" என்றார் சின்யோரா. கிழவிக்குக் கண் மின்னியது. "கொண்டா!"

ஃபோனை வாங்கி, பூதக்கண்ணாடியைப் பிடித்து, வகுப்பில் வாசிப்பதுபோல் உரத்து வாசித்தார். முதல் வரி ஞானஸ்நானம். இரண்டாம் வரி அன்னா. மூன்றாவது வரியில் குரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து, இந்த முறை மனதுக்குள். பெர்மெஸ்ஸோ, மீராவின் நேர்சரி, வாடகை வீடு, எல்லாம் என் தலைக்குள் சுற்றியது.

"கலியாணத்துக்கு வெளியில பிறந்த மகள்," என்றார் மெதுவாக. "தகப்பன், எட்மண்ட் ஆல்டன், ஆங்கிலேயன், தோட்டக்காரன். தானே வந்து ஒப்புக்கொண்டவன். தாய், மரியா. சந்தியோகுவின் மகள். அதே தோட்டத்தில வேலை செய்கிறவள்."

பிறகு மேசையில் ஓங்கி ஒரு அடி! கோப்பிக் கிண்ணம் துள்ளியது.

"மணமாகாதவராம்! சந்ததி இல்லையாம்! ஜான்னி, பேனாவை எடு!"

"சித்தி, ஆக்கள் வரப்போற நேரம்... இதெல்லாம் இப்ப தேவையா?"

"அவனே சுவாமியாருக்கு முன்னால நிண்டு சொல்லியிருக்கிறான். மறைச்சது நாங்கள்தான். என்ர அப்பாவும் மறைச்சிருக்கிறார். கிளார்க்காம், கிளார்க்!" அவருக்குக் கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. கண்ணால் நீர் ஓடியது, வாய் சிரித்தது. "எங்கட பக்கத்தில கடைசி ஆல்டன் நான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்!"

எங்கே தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று என்னைக் குடைந்தார். மூன்று கொன்யோமே கதையைச் சொன்னேன். மத்தி மீன், எட்மண்ட் மாமா, எல்லாம் சொன்னேன். ஜான்னி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சுருட்டிய தாளை விரித்தார். 'சந்ததி இல்லை' என்பதை வெட்டிவிட்டு 'அன்னா' என்று எழுதினார்.

"தாயின்ர பேர்?" என்றார் சின்யோரா.

"தாயையும் போடவேணுமா, சித்தி?"

"ஏன், அன்னா என்ன எலுமிச்சை மரத்திலயா காய்ச்சவள்?"

மரியா, சந்தியோகுவின் மகள் — அதையும் எழுதினார்.

சின்யோரா அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதே தோட்டத்தில வேலை," என்றார். "அவளிட்ட ஆரும் விருப்பம் கேட்டிருப்பினமா, சுபா?"

என் கையில் துடைக்கும் துணி இருந்தது. காலை வரைந்து அனுப்பிய தகப்பன் நல்லவன் என்று நான்கு நாளாக மகிழ்ந்துகொண்டிருந்தேன். மரியாவை ஒருதரம்கூட நினைக்கவில்லை. புத்தகத்தில் எல்லாம் எழுதுகிற சுவாமியாரும் அதைமட்டும் கேட்டு எழுதவில்லை.

போகும்போது ஜான்னி வாசலில் நின்றார். இதோ வருகிறது என்று நினைத்தேன்.

"சுபா, படி இறங்க முதல் கேக்கிறன். இந்தக் குடும்பத்தைப் பற்றி உனக்கு வேற ஏதும் தெரியுமா?"

"இல்லை, அவ்வொகாத்தோ."

"நல்லது. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வா. உன்ர ஒப்பந்தம் இருக்கு."

மரம் அச்சுக்குப் போய்விட்டது. அன்னாவுக்குக் கீழே, தாளின் விளிம்பு வரைக்கும், சின்யோராவின் கையால் போட்ட ஒரு புள்ளிக்கோடு. "இதுக்குக் கீழ ஆரோ இருக்கினம். கண்டுபிடி," என்று எனக்கு உத்தரவு.

அன்று பின்னேரமே ஜசிந்தா அக்காவிடம் ஓடினேன். மச்சானிடம் அன்னாவின் கலியாணப் பதிவைத் தேடச் சொல்லுவோம், பேரப்பிள்ளைகளைப் பிடிப்போம், கனடாவோ, பாரிஸோ, எங்கேயோ இருப்பார்கள்...

அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "கண்டுபிடிச்சா? அவை ஒத்துக்கொள்ளுவினமே? எங்கட ஆக்கள் கலியாணம் பேசேக்க தகப்பன் பக்கம் தாய் பக்கம் எண்டு ஏழு தலைமுறை கேப்பினம். அதில ஆராவது கலியாணம் கட்டாத வெள்ளைக்காரனைச் சொல்லுவினமே? பிள்ளைக்குப் பூனைக்கண் எண்டாலும், 'அது எங்கட பரம்பரைக் கண்' எண்டுவினம்!"

உண்மைதானே? ஆல்டன் வீட்டில் மரியாவை மறைத்தார்கள். எங்கள் பக்கத்தில் எட்மண்ட்டை மறைத்திருப்பார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, கடிதம் போட்டதில்லை. ஆனால் நூற்றைம்பது வருடமாக ஒரே சின்னப் பிள்ளையை இரண்டு பக்கமும் பிடித்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு ஒற்றுமை எந்தச் சொந்தத்தில் இருக்கிறது?

ஆகவே, பளை, பச்சிலைப்பள்ளிப் பக்கத்து வாசகர்களே... வீட்டில் கேட்டுப் பாருங்கள். எட்மண்ட்டின் மகள் அன்னா. தாய் மரியா, சந்தியோகுவின் மகள். சின்யோரா கார்லாவுக்கு எண்பத்திரண்டு வயது. காத்திருக்கிறார்.

உங்களில் யாரோ ஒருவருக்கு இது தெரியும். ஒரு சொல்லும் சொல்ல மாட்டீர்கள் என்பது எனக்கும் தெரியும்.